7 கிலோவுக்குள் லேப்டாப்பும் துணியும்: பட்ஜெட்டில் ஒரு கேபின் பேக்பேக்

லேப்டாப், சார்ஜர், கேமரா, மூன்று நாள் துணி எல்லாம் ஒரே பையில் அடங்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கியதும் சாமான் வரும் பெல்ட் அருகே காத்து நிற்காமல் நேராக வெளியே வந்துவிட வேண்டும். பைக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரைதான் செலவழிக்க முடியும். இப்படித் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கடையிலும் சரி, இணையத்திலும் சரி, எல்லோரும் முதலில் பார்ப்பது லிட்டர் கணக்கு. நான் முதலில் பார்க்கச் சொல்வது காலிப் பையின் எடை. காரணம், உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்குக் கைப்பைக்கு அனுமதி 7 கிலோ. அந்த ஏழில் பையின் எடையும் சேர்த்தி. மின்னணுப் பொருள்கள் இடத்தை அதிகம் அடைக்காது, எடையைத்தான் தின்னும். அதனால் பை பாதி காலியாக இருக்கும்போதே தராசு 7-ஐத் தொட்டுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15.6 அங்குல சாதாரண லேப்டாப் 1.7 கிலோ. அதன் சார்ஜர் 350 கிராம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 400 கிராம். கிட் லென்ஸ் மாட்டிய சிறிய மிரர்லெஸ் கேமரா 700 கிராம். ஹெட்ஃபோன் 250. மவுஸ், எஸ்எஸ்டி, கேபிள்கள், ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 500. ஆக மின்னணுப் பொருள்கள் மட்டும் 3.9 கிலோ. துணியில் மூன்று டி-ஷர்ட் 510 கிராம், ஒரு காட்டன் பேன்ட் 450, உள்ளாடைகள் 250, மெல்லிய துண்டு 150, சோப்பு சீப்புப் பை 300. இது 1.66 கிலோ. இரண்டையும் கூட்டினால் 5.56. பை 1.2 கிலோவாக இருந்தால் மொத்தம் 6.76, தப்பித்தோம். அதே சாமான், பை மட்டும் 1.8 கிலோ என்றால் 7.36. கவுன்ட்டரில் நிறுத்திவிடுவார்கள். அந்த 600 கிராம் வித்தியாசம் கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது தெரியவே தெரியாது. காலிப் பை 1.3 கிலோவுக்குமேல் போனால் அதை விட்டுவிடுங்கள். எடையையே குறிப்பிடாத பொருள் பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

எடையைக் குறைக்க ஒரு நல்ல வழி சார்ஜர். லேப்டாப் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் வகையென்றால் 65 வாட் கேன் (GaN, காலியம் நைட்ரைடு) வகைச் சிறிய சார்ஜர் ஒன்று போதும். 120 முதல் 150 கிராம்தான் இருக்கும். போனுக்கும் பவர் பேங்க்குக்கும் தனித்தனிச் சார்ஜர் தேவைப்படாது. வாங்கும்முன் லேப்டாப்பின் பழைய சார்ஜரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் கொடுத்தால், வேலை செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி ஏறாமல் மெல்ல இறங்கவும் கூடும். கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி முழுதாக உதவாது. லேப்டாப் 2.3 கிலோ, கூடவே வரும் 230 வாட் சார்ஜர் கட்டி முக்கால் கிலோ. ஆரம்பத்திலேயே 3 கிலோ போய்விட்டது. அவர்கள் கேமராவையோ துணியையோ குறைத்தே ஆக வேண்டும்.

இண்டிகோவில் 7 கிலோ கைப்பை போக, 3 கிலோ வரை சிறு லேப்டாப் பையோ பெண்களின் கைப்பையோ கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. இது நல்ல வசதி. லேப்டாப்பை ஒரு மெல்லிய ஸ்லீவ் பையில் போட்டுப் பெரிய பைக்குள் வைத்திருந்தால், தேவைப்படும்போது உருவித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் இதை நம்பியே 10 கிலோவுக்குத் திட்டம் போடாதீர்கள். ஏர்ஏசியாவில் பெரிய பை, சின்னப் பை இரண்டும் சேர்ந்துதான் 7 கிலோ. சென்னையிலிருந்து கோலாலம்பூர் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர் நிறுவனமான ஸ்கூட்டில் எகானமிக்கு இரண்டும் சேர்ந்து 10 கிலோ. டிக்கெட் எடுத்ததும் அந்த நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

அளவு எவ்வளவு இருக்கலாம்?

இண்டிகோ 55 × 35 × 25 செ.மீ. என்கிறது. ஏர் இந்தியா 55 × 40 × 20. ஏர்ஏசியா 56 × 36 × 23. ஸ்கூட் 54 × 38 × 23. ஒவ்வொன்றிலும் சிறிய எண்ணை எடுத்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பை 54 × 35 × 20. இதில் உயரம், அகலம் பற்றி யாரும் தவறு செய்வதில்லை. தவறு நடப்பது அந்தக் கடைசி எண்ணில்தான். பொருள் பக்கத்தில் கொடுக்கப்படும் ஆழம் பெரும்பாலும் காலிப் பையின் ஆழம். முன் பாக்கெட்டில் சார்ஜரும் பவுச்சும் போட்டால் வயிறு 2, 3 செ.மீ. முன்னே தள்ளிவிடும். 20 என்று எழுதிய பை 23-இல் நிற்கும். அதனால் காகிதத்தில் 17, 18 செ.மீ. ஆழமுள்ள பையே நிரம்பிய பிறகு 20-ஐ ஒட்டி நிற்கும். வீட்டில் அளக்கும்போது பையை நிரப்பிச் சுவரோடு முதுகை ஒட்டி நிறுத்தி, முன்பக்கம் ஓர் அட்டையைச் செங்குத்தாக வைத்து, சுவருக்கும் அட்டைக்கும் நடுவே டேப் பிடியுங்கள். டேப்பைப் பையின் மேல் வளைத்துப் பிடித்தால் வரும் எண் பொய்யாகிவிடும்.

லிட்டர் கணக்கைச் சரிபார்க்கவும் இதே எண்கள் போதும். மூன்று அளவையும் செ.மீ.-இல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் பெட்டி வடிவின் கொள்ளளவு லிட்டரில் வரும். 45 × 30 × 15 என்றால் 20.25 லிட்டர். அந்தப் பையின் பெயரில் "35 லிட்டர்" என்று இருந்தால் அது நடக்கவே முடியாத கணக்கு. பையின் மூலைகள் வளைந்திருப்பதால் உண்மையில் கொள்வது பெட்டிக் கணக்கில் ஐந்தில் நான்கு பங்கு இருந்தால் அதிகம். நிரப்பி அளந்தால் 50 × 32 × 19 வரும் பையின் பெட்டிக் கணக்கு 30.4 லிட்டர், நம் கையில் கிடைப்பது 24 லிட்டர் அளவு. மேலே சொன்ன சாமான் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். 40 லிட்டர் பை 7 கிலோ பயணிக்குத் தேவையில்லை. இடம் இருந்தால் ஏதாவது போடத் தோன்றும். போட்டால் எடை ஏறும்.

சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் 72 விமானங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி போனவர்களுக்குத் தெரியும், அதன் மேல்பெட்டி சின்னது. 25 செ.மீ. ஆழத்துக்கு உப்பிய பை உள்ளே போகாது. வாசலிலேயே டேக் போட்டு வாங்கி அடியில் வைத்துவிடுவார்கள். அப்போது பையிலுள்ள பவர் பேங்க்கையும் உதிரி பேட்டரிகளையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரி சரக்கு அறைக்குப் போகக் கூடாது. ஏணிப்படி அருகே வெயிலில் நின்றுகொண்டு மொத்தப் பையையும் கவிழ்க்காமல் அதை ஒரே இழுப்பில் எடுக்க முடிய வேண்டும். பவர் பேங்க்கைப் பையின் மேல் பாக்கெட்டில்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பவர் பேங்க் விதியில் குழப்பம் அதிகம். எம்ஏஎச் எண்ணை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர். 27,000 என்றால் 99.9. 100 வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-க்கும் 160-க்கும் இடைப்பட்டதை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடுதான் கொண்டுபோக முடியும். அதற்குமேல் கிடையாது. 30,000 எம்ஏஎச் 111 வாட்-அவர் ஆகிவிடுவதால் தள்ளுபடியில் கிடைத்தாலும் பயணத்துக்கு அதை வாங்காதீர்கள். எழுத்து தேய்ந்து எண் தெரியாமல் போன பவர் பேங்க்கைச் சோதனையில் பிடுங்கி வைத்துவிட வாய்ப்பு அதிகம். அந்த எண்மேல் ஒரு துண்டு தெளிவான செல்லோ டேப் ஒட்டிவைத்தால் எழுத்து அழியாது. தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் 2025 ஜனவரியில் ஏர் பூசான் விமானம் தீப்பற்றிய பிறகு விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கால் சார்ஜ் செய்வதைத் தடை செய்துவிட்டன. எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் தடை செய்தது. பவர் பேங்க்கை மேல்பெட்டியில் வைக்காமல், கண்ணில் படும்படி முன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் உதிரி பேட்டரிகளின் உலோக முனைகள் சாவி, சில்லறையோடு உரசாமல் தனி உறையில் இருக்க வேண்டும்.

லேப்டாப் அறை

ஒரு பையில் நான் அதிக நேரம் பார்ப்பது இந்த இடத்தைத்தான். "15.6 அங்குலம்" என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்பின் உடல் அளவு அதில் இல்லை. ஒரே 15.6 அங்குலத் திரையுள்ள மெல்லிய லேப்டாப்பும் கேமிங் லேப்டாப்பும் நீளத்திலும் தடிமனிலும் வேறு வேறு. கேமிங் வகை பின்பக்கம் காற்றுப் போக்கிக்காக 27 செ.மீ. வரை அகலம் நீளும். ஆகவே உங்கள் லேப்டாப்பை ஸ்கேலால் அளந்து, நீளம், அகலம், தடிமன் மூன்றையும் போனில் குறித்துக்கொண்டு போங்கள்; முடிந்தால் லேப்டாப்பையே கொண்டுபோங்கள். உள்ளே வைத்த பிறகு ஜிப் மூலையில் திணறாமல் வளைந்து மூட வேண்டும். மூலையில் இறுக்கினால் முதலில் சாவது அந்த ஜிப்தான்.

அடுத்து அடிப்பகுதி. நல்ல பையில் லேப்டாப் அறையின் அடி, பையின் அடியைத் தொடாமல் 2, 3 செ.மீ. மேலே தொங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கையை லேப்டாப் அறைக்குள் விட்டு அடியைத் தொடுங்கள், மறு கையால் வெளியிலிருந்து பையின் அடியைத் தொடுங்கள். இரண்டு கைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் சரி. இரண்டு விரலும் ஒரு துணியின் இருபக்கம்போல் ஒட்டினால், பையை டக்கென்று தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் ஓரம்தான் தரையில் மோதும். திரைக் கீல் உள்ள பக்கம் கீழே வரும்படி வைக்கும் பழக்கம் இருந்தால் கேடு இன்னும் அதிகம். பை மிகவும் பிடித்துப்போய் இந்தக் குறை மட்டும் இருந்தால், பழைய யோகா மேட்டில் 6 மி.மீ. தடிமனில் இரண்டு துண்டு வெட்டி அடியில் போட்டுச் சமாளிக்கலாம்.

அறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகை ஒட்டி இருந்தால்தான் கனம் உடம்போடு சேரும். முன்பக்கம் லேப்டாப் வைக்கும் பைகள் தோளைப் பின்னால் இழுக்கும்; கொஞ்ச தூரத்திலேயே கழுத்து வலிக்கத் தொடங்கும். லேப்டாப் அறைக்குத் தனி ஜிப் இருக்க வேண்டும். நம் விமான நிலையங்களில் பெரும்பாலும் லேப்டாப், டேப்லெட், பவர் பேங்க், கேமரா எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள். துணிகளின் நடுவே கை விட்டுத் துழாவ வேண்டியிருந்தால் பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் நின்றுவிடும். கேபிள்களை ஒரே பவுச்சில் போட்டுவைத்தால் அதை அப்படியே தட்டில் வைத்துவிடலாம். பைக்குள் சிக்கலாகக் கிடக்கும் ஒயர்கள் எக்ஸ்ரே படத்தில் கறுப்புக் கட்டியாகத் தெரிந்து, பையைத் திறக்கச் சொல்வதற்குக் காரணமாகின்றன. ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிடூல், கட்டர் எதுவும் இந்தப் பையில் இருக்கக் கூடாது. முந்தைய வாரம் வேலைக்குக் கொண்டுபோன ஸ்க்ரூடிரைவர் அடிப் பாக்கெட்டில் தங்கிவிடுவது நடக்கிற விஷயம். கிளம்பும்முன் எல்லாப் பாக்கெட்டையும் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

பிரதான அறை சூட்கேஸ்போல் மூன்று பக்கம் ஜிப் ஓடி முழுதாக விரிந்து திறப்பது துணி அடுக்க வசதி. மேல்வாய் மட்டும் திறக்கும் பையில் அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே போட வேண்டும். முழுதாகத் திறக்கும் பையில் ஒரு பலவீனமும் உண்டு: ஜிப் நீளம் அதிகம், திணித்தால் பக்கவாட்டில் விரியும். அதனால் இரு பக்கமும் இறுக்கும் நாடா, அதாவது கம்ப்ரெஷன் ஸ்ட்ராப், இருக்கும் பையாகப் பாருங்கள். அது ஜிப்பின் மீதான இழுப்பைத் தான் வாங்கிக்கொள்ளும். ஆழத்தையும் 2 செ.மீ. குறைத்துக் கொடுக்கும்.

ஜிப், ஸ்ட்ராப், துணி

மலிவான பை செத்துப்போவது இரண்டு இடத்தில். ஒன்று ஜிப் ரன்னர், இன்னொன்று தோள் ஸ்ட்ராப்பின் மேல் வேர்.

ஜிப்பின் அளவு எண்ணில் சொல்லப்படும். 5 என்றால் மூடிய பல்லின் அகலம் ஏறக்குறைய 5 மி.மீ., 8 என்றால் 8. பிரதான அறைக்கு 8 அல்லது 10 வேண்டும், முன் பாக்கெட்டுக்கு 5 போதும். ரன்னரைப் புரட்டினால் பின்பக்கம் எண் பொறித்திருப்பதைப் பல ஜிப்களில் காணலாம். ஜிப் செய்பவர்களில் ஒய்கேகே ஜப்பான் நிறுவனம், எஸ்பிஎஸ் சீன நிறுவனம். இந்த விலையில் எஸ்பிஎஸ் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். இழுப்புக் கட்டையில் மட்டும் பெயர் இருந்து ரன்னரின் உடலில் எதுவும் இல்லையென்றால் அந்தப் பெயரை நம்ப வேண்டாம். கடையில் ஒரே விரலால் முழு வட்டமும் இழுத்துப் பாருங்கள், முக்கியமாக மூலைகளில். உள்ளே பார்க்கும்போது துணியின் வெட்டு விளிம்பு நூல் நூலாகத் தொங்காமல் டேப் வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். தொங்கும் நூல்தான் பிறகு ரன்னருக்குள் போய்ச் சிக்கும்.

ஜிப் மூடிய பின் வாய் பிளந்துகொண்டால் பல்லைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் பல் நன்றாகவே இருக்கும். துத்தநாகக் கலப்பு ரன்னர்தான் தேய்ந்து அகன்றிருக்கும். ரன்னரைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவந்து, அதன் பின்பக்க ஓரங்கள் இரண்டையும் குறட்டால் மெல்ல, ஒருபக்கம் மாற்றி ஒருபக்கம் அழுத்தினால் மறுபடி பிடிக்கும். அதிகம் அழுத்தினால் உடைந்துவிடும். ரன்னர் தனியாக விற்கிறது. அதே எண்ணில் வாங்கி மாற்றிவிட்டால் பை இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

ஸ்ட்ராப்பின் வேர் பற்றி. தோள் ஸ்ட்ராப் மேலே பையோடு சேருமிடத்தில் தையல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நெருக்கமாகக் குறுக்கே அடித்த தடித்த தையல் கட்டைகளோ, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்ட தையலோ, பின்னால் இன்னொரு துணிப் பட்டையோ இருக்க வேண்டும். ஒற்றைத் தையல் வரியில் வெறும் துணியோடு ஒட்டியிருந்தால் 7 கிலோவுக்கு அது தாங்காது. மேல் கைப்பிடிக்கும் இதே சோதனை. தையல் இரண்டு இழை விட்டதும் கவனித்தால், பைக் சீட் கவர் தைக்கும் ரெக்சின் கடையில் கொடுங்கள். கனத்த துணி தைக்கும் மெஷினும் நைலான் நூலும் அவர்களிடம் இருக்கும். முழுதாகக் கிழிந்த பிறகு கொண்டுபோனால் சுற்றியுள்ள துணியும் இழைந்துபோய்த் தைக்கப் பிடிமானம் இருக்காது.

ஸ்ட்ராப்பின் உள்ளே இருக்கும் ஃபோமைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்துங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அது வெறும் பஞ்சு. சில மாதத்தில் தட்டையாகிவிடும். பாதி அழுந்தி நின்று, விட்டதும் எழும்பினால் நல்லது. மார்புக்குக் குறுக்கே போடும் சிறு நாடா அவசியம் வேண்டும். இடுப்பு பெல்ட் 7 கிலோவுக்குத் தேவையில்லை. இருந்தால் கூடுதல் எடை, கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். உயரம் குறைந்தவர்கள் பையின் உயரத்தில் கவனம் வைக்க வேண்டும். 52 செ.மீ. பை ஐந்தடி உயரமுள்ளவருக்கு இடுப்புக்குக் கீழே இறங்கி நடக்கும்போது பின்பக்கம் இடிக்கும். 46, 47 செ.மீ. பை அவர்களுக்குச் சுகம்.

துணியின் டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 600 டெனியர் பாலியெஸ்டர் இந்த விலைக்கு நியாயமான துணி. 300 டெனியர் மெல்லியது, அடிப்பகுதி சீக்கிரம் தேயும். 1680 டெனியர் உறுதிதான், ஆனால் எடை ஏறும். அடியில் மட்டும் அது இருந்தால் போதும். தண்ணீர் புகாமலிருக்க உள்பக்கம் பூசியிருக்கும் பியூ (பாலியூரித்தேன்) படலத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடலோர ஈரப்பதத்தில் அந்தப் படலம் மெல்லச் சிதைந்து பிசுபிசுக்கும், ஒருவித புளித்த வாடை வரும், கடைசியில் வெள்ளைச் செதிலாக லேப்டாப்பெங்கும் உதிரும். பயணம் முடிந்து பையைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். காலி செய்து, ஜிப்களைத் திறந்துவிட்டு, காற்றுப் படும் இடத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள். வாஷிங் மெஷினில் போடவே கூடாது. கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். வியர்வை உப்பு முதுகுப் பக்கத்தில் வெள்ளைக் கோடாகப் படியும், அங்கே மட்டும் மென்மையான பிரஷ் போடுங்கள்.

"வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருந்தாலும் தையல் துளைகளும் ஜிப்பும் தண்ணீரை விடும். ரெயின் கவர் முன்பக்கத்தைக் காக்கும், முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். ஐப்பசி மழையில் பைக்கில் போகும்போது முதுகுச் சட்டை வழியே இறங்கும் தண்ணீர் நேராக லேப்டாப் அறையின் பக்கம்தான் ஊறும். அதனால் லேப்டாப்பைத் தடித்த பாலித்தீன் உறையில் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்து வையுங்கள். 10 ரூபாய்க்குள் முடிகிற வேலை, எந்த ரெயின் கவரையும்விட இதை நான் நம்புவேன்.

வெளியே நீட்டியிருக்கும் யூஎஸ்பி சார்ஜிங் போர்ட்டுக்காகப் பையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது வெறும் ஒயர், வேகமாகச் சார்ஜ் ஏற்றாது, மழை நுழைய ஒரு வாசல். நம்பர் லாக்கும் பெரிதாகக் காக்காது. சுருள் பல் ஜிப்பை ஒரு பேனா முனையால் குத்திப் பிளந்துவிட முடியும். முதுகை ஒட்டியபடி மறைவாக ஒரு பாக்கெட் இருந்தால் பாஸ்போர்ட், பணம் அங்கே வைக்கலாம். அது உண்மையிலேயே பயன்படும். பெரிய டிராலி பையோடு சேர்த்து எடுத்துப் போகிறவர்கள் பின்னால் டிராலிக் கைப்பிடி நுழையும் குறுக்குப் பட்டை இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் பாட்டில் பாக்கெட்டைப் பை நிரம்பிய நிலையில்தான் சோதிக்க வேண்டும். காலிப் பையில் ஒரு லிட்டர் பாட்டில் தாராளமாகப் போகும். உள்ளே சாமான் அடைத்ததும் அதே பாக்கெட் இறுகி விரல்கூட நுழையாது.

எங்கே வாங்குவது என்று கேட்டால், சஃபாரி, ஸ்கைபேக்ஸ், வைல்ட்கிராஃப்ட், அமெரிக்கன் டூரிஸ்டர், டெகாத்லான் போன்ற பெயர்கள் எல்லாவற்றிலும் 4,000-க்குள் பைகள் இருக்கின்றன. ஒரே நிறுவனத்திலேயே நல்லதும் சுமாரானதும் கலந்து வரும், ஆகவே பெயரைவிட அந்த மாடலின் ஜிப்பையும் அடியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். எம்ஆர்பி 6,000, தள்ளுபடி 65 சதவீதம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். கையிலிருந்து போகும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். 1,000 ரூபாய்க்குக் குறைவான பையில் லேப்டாப் வைக்க நான் சொல்லமாட்டேன். கடைக்குப் போனால் இரண்டு 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் கேட்டு வாங்கி, உங்கள் லேப்டாப்போடு உள்ளே வைத்து, ஸ்ட்ராப்பை இறுக்கிக் கடைக்குள் பத்து நிமிடம் நடங்கள். ஏறக்குறைய 6 கிலோ ஆகிவிடும். காலிப் பை எல்லோருக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

அடுக்கும் முறை ஒன்று சொல்லிவிடுகிறேன். லேப்டாப் முதுகோடு. கேமரா, பவுச் போன்ற கனமானவை அதை ஒட்டி, தோள்பட்டை எலும்பின் உயரத்தில். துணி கீழும் முன்னும். சார்ஜரை முன் பாக்கெட்டின் அடியில் போட்டால் பை பின்னோக்கித் தொங்கும், கவனியுங்கள். ஜீன்ஸ் 600 கிராமுக்குமேல் எடை; அதைப் பயணத்தன்று உடுத்திக்கொண்டு மெல்லிய பேன்ட்டைப் பையில் வையுங்கள். எடை பார்க்கும் தொங்கு தராசு இல்லையென்றால், வீட்டிலுள்ள எடை மெஷினில் பையோடு ஒருமுறை, பை இல்லாமல் ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். மெஷின் 200 கிராம் முன்பின் காட்டக்கூடும் என்பதால் 6.7-க்குமேல் போகாமல் நிறுத்துங்கள்.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலக்கெடு எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். பை வந்த அன்றே அதை முழுதாக அடுக்கி, எடை பார்த்து, ஆழம் அளந்து, மாடிப்படியில் 20 நிமிடம் ஏறி இறங்குங்கள். தோள் மடிப்பில் நாடா அறுத்தாலோ, ஜிப் ஒரு மூலையிலாவது திணறினாலோ, டேக்கை வெட்டாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.